தோட்டத்துக் கல்லுக்கு அடியில் என்ன போடுவது?

வீடு கட்டுவோர் கேள்வி – பதில்

ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டிய வேலை என்பதால், தோட்டத்துக் கல்தளம் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில் சுமார் 300 சதுர அடிக்குக் கடப்பாக் கல் பதித்திருக்கிறோம். கரிசல் பூமி. மணலைக் கொட்டிப் பரப்பி அதன்மேல் வைத்தது. இப்போது பாதிக் கற்கள் ஆடுகின்றன. சில ஒருபக்கமாக இறங்கிவிட்டன. துவைக்கிற கல் பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அதே கல்லைப் பெயர்த்து மறுபடி பதிக்கலாம் என்று மூன்று பேரைக் கேட்டோம். ஒருவர் ‘அடியில் காங்கிரீட் போட்டால்தான் நிற்கும்’ என்கிறார். ஒருவர் ‘புது மணல் போதும்’ என்கிறார். கொத்தனாரோ ‘ஒவ்வொரு கல்லுக்கும் நாலு மூலையிலும் கலவை வைத்து உட்கார வைத்துவிடுகிறேன், ரெண்டு நாள் வேலை’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: சகோதரி, மூன்று பேருமே கல்லைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் பார்க்க வேண்டியது மண். கடப்பாக் கல் நன்றாகத்தான் இருக்கும், அதைக் கழுவி அப்படியே பயன்படுத்துங்கள். செலவு செய்ய வேண்டியதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியில்தான்.

கரிசல் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். சித்திரையில் உங்கள் ஊர்க் காட்டில் விரல் நுழைகிற வெடிப்பைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெடிப்புதான் உங்கள் கல்தளத்துக்கு அடியிலும் ஓடுகிறது. துவைக்கிற இடத்தில் வருஷம் முழுக்க ஈரம், அதனால் அங்கே மண் எப்போதும் ஊதிய நிலையில் இருக்கும். நாலு அடி தள்ளி வெயில் விழும் இடத்தில் காய்ந்து இறங்கும். ஒரே தளத்தில் ஒருபக்கம் மேடு, ஒருபக்கம் பள்ளம். இதற்கு மேலே வெறும் மணலைப் பரப்பினால், வெடிப்பு விழும்போதெல்லாம் மணல் அதற்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். ‘புது மணல் போதும்’ என்பவர் சொல்வதைச் செய்தால் அடுத்த கோடைக்கே பழைய கதை திரும்பும்.

காங்கிரீட் யோசனை வலுவானதாகத் தோன்றும். பெரும்பாலும் இவர்கள் போடுவது சிமெண்ட் ஒன்றுக்கு மணல் நாலு, ஜல்லி எட்டு என்ற மெலிந்த கலவையில், ஒன்றரை அங்குல ஜல்லி வைத்து, மூன்று அல்லது நாலு அங்குலம். கரிசல் ஊதும்போது சுவரும் கதவு நிலையும் நகர்வதைப் பார்த்த ஊர்க்காரர்கள் நீங்கள். அந்த அழுத்தத்துக்கு நாலு அங்குலக் காங்கிரீட் எம்மாத்திரம்? அது வெடிக்கும், அதோடு ஒட்டியிருக்கிற கல்லும் அதே கோட்டில் வெடிக்கும். மணலில் வைத்த கல்லையாவது பெயர்த்து எடுக்கலாம். காங்கிரீட்டில் கலவை பூசி ஒட்டிய கல்லை உடைக்காமல் எடுக்க முடியாது.

கொத்தனார் சொல்கிற நாலு மூலைக் கலவை உருண்டை வேலைக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், சீக்கிரம் முடிகிறது என்பதற்காகவே நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள். பதித்த அன்று தளம் அழகாக மட்டமாக இருக்கும். நடுவில் காலியாக இருப்பது தெரியாது. சந்தேகம் இருந்தால் ஒரு மரச்சுத்தியலால் கல்லின் மூலையில் தட்டிப் பாருங்கள், பிறகு நடுவில் தட்டுங்கள். மூலையில் ‘தட்’ என்று அடங்கிய ஓசை, நடுவில் ‘டொக்’ என்று காலிப் பானையின் ஓசை வரும். ஒன்று அல்லது ஒன்றேகால் அங்குலக் கல்லை அந்த வெற்றிடத்தின் மேல் வைத்துவிட்டு, ஒரு ஆள் தண்ணீர்க் குடத்தோடு மிதித்தால் கல் குறுக்கே முறியும். முறியாவிட்டாலும் அந்த வெற்றிடத்தில் தண்ணீர் நிற்கும், எறும்பு புற்று வைக்கும், எலி வளை தோண்டும். கல்லின் அடிப்பாகம் முழுவதும் ஏதோ ஒன்றின் மேல் படிந்து உட்கார வேண்டும். எந்த முறையில் பதித்தாலும் இது மாறாது.

சரி, செய்ய வேண்டியது என்ன?

கரிசலின் மேல் கட்டிய கால்வாய்களின் தளம் வெடித்துக்கொண்டே இருந்த பிரச்சினையைப் பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர்.கே.கட்டி நெடுங்காலம் ஆராய்ந்தார். அவர் கண்ட வழி, கரிசலுக்கும் மேலே கட்டுவதற்கும் நடுவில் ஓர் அடுக்கு, ஒட்டும் தன்மை உண்டு ஆனால் ஊதும் தன்மை இல்லாத மண்ணை இடுவது. தோட்டத்துக்கும் அதே கணக்குதான், அளவு மட்டும் சிறியது. நம் பக்கத்தில் கிராவல் என்று லாரியில் வருகிற செம்மண் சரளை அதற்குப் பொருந்தும். கையில் எடுத்துப் பிசைந்தால் களிமண் போல வழவழவென்று நீளக்கூடாது. பருக்கையும் மண்ணும் கலந்து சொரசொரப்பாக இருக்க வேண்டும்.

முதலில் கற்களுக்குச் சாக்பீஸால் எண் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு, கடப்பாரைக்கு அடியில் ஒரு மரத்துண்டை அண்டக்கொடுத்து மெல்ல நெம்பிக் கிளப்பச் சொல்லுங்கள். கிளப்பிய கல்லைப் படுக்கையாக அடுக்காமல் சுவரோரம் நிறுத்திச் சாய்த்து வையுங்கள். படுக்க வைத்து அடுக்கினால் அடியில் இருக்கும் கல் முறியும்.

பிறகு தளமட்டத்திலிருந்து 15 அங்குலம் தோண்ட வேண்டும். கிராவல் 8 அங்குலம், ஜல்லி நாலு, படுகை (கல் உட்காரும் மணல்) ஒன்றரை, கல் ஒன்றேகால் – கூட்டினால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். 300 சதுர அடிக்கு வெளியே வருவது ஏறக்குறைய 375 கன அடி. தோண்டியதும் உப்பி ஐந்து யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வரை ஆகிவிடும். கரிசல் அல்லவா, தொட்டிச் செடிக்காரர்களும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் வாங்கிக்கொள்வார்கள். லாரி வைத்துக் கொட்டும் முன் கேட்டுப் பாருங்கள்.

குழியின் அடித்தரையைத் தட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆவணியில் கரிசல் காய்ந்து கட்டியாக இருக்கும். காய்ந்தபடியே திமிசு (மண்ணை இடிக்கும் கட்டை) போட்டால் நன்றாக இறுகியது போலத் தெரியும், முதல் மழை ஈரம் இறங்கியதும் அத்தனையும் ஊதி எழும். ஆகவே இரண்டு மூன்று மாலைகள் பூவாளியால் தெளித்து, சாக்குப் போட்டு மூடி, ஈரம் உள்ளே இறங்கவிட்டுப் பிறகு இடியுங்கள். சேறாகும்வரை ஊற்ற வேண்டாம்.

கிராவலை மொத்தமாக 8 அங்குலமும் கொட்டி மேலே இடித்தால் மேல் இரண்டு அங்குலம்தான் இறுகும். நாலு நாலு அங்குலமாக இரண்டு அடுக்கு. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக்கூடாது. அதுதான் இடிக்கிற பதம். கைத்திமிசு போட்டால் முதலில் ‘தொப் தொப்’ என்று மண் வாங்கிக்கொள்ளும் ஓசை வரும். இறுக இறுக ஓசை கூர்மையாகி, கட்டை கையில் எதிர்த்து அடிக்கும். அந்த எதிர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரும்வரை விடாதீர்கள். 300 சதுர அடிக்குப் பிளேட் காம்பாக்டர் என்ற மண் இறுக்கும் இயந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது இன்னும் நல்லது. குழியின் ஓரங்களை மட்டும் திமிசால் இடித்துக்கொள்ளலாம்.

அதன்மேல் நாலு அங்குலம் ஜல்லி. வெறும் முக்கால் அங்குல ஜல்லியாகப் போட்டால் கற்களுக்கு நடுவே சந்து இருக்கும், மேலே போடுகிற மணல் அதில் இறங்கிவிடும். பெரிதும் சிறிதும் தூளும் கலந்த ஜல்லியாக, கிரஷரில் ‘வெட்மிக்ஸ்’ என்று கேட்டு வாங்குங்கள். இறுகிய பிறகு நாலு அங்குலம் நிற்க வேண்டுமானால் ஒன்றேகால் யூனிட்டுக்குக் குறையாமல் வேண்டும். கிராவல் இரண்டரை யூனிட்.

கடைசியாகப் படுகை. இங்கே என் முடிவு, சிமெண்ட் வேண்டாம். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஆறு என்ற உலர்கலவை போட்டுப் பதிப்பது பலருக்கும் வழக்கம், செம்மண் தரையில் அது நன்றாகவே நிற்கும். கரிசலில் நீங்கள் எவ்வளவு செய்தாலும் மண் கொஞ்சம் அசையத்தான் செய்யும். எட்டு அங்குலக் கிராவல் அந்த அசைவைத் தணிக்கும், அடியோடு நிறுத்தாது. சிமெண்ட் இல்லாத படுகையாக இருந்தால், எங்காவது ஒரு கல் இறங்கும்போது அதை மட்டும் தூக்கி, ஒரு கைப்பிடி போட்டுத் திரும்ப வைத்துவிடலாம். பருமனான எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) போடுங்கள். கிரஷர் டஸ்ட்டை நேராகக் கல்லுக்கு அடியில் போட வேண்டாம். அதிலுள்ள மாவு போன்ற தூள் ஈரத்தைப் பிடித்து வைத்துச் சேறாகி, இடுக்கு வழியே மேலே பிதுங்கும். ஆற்றுமணலும் தேவையில்லை.

ஒன்றரை அங்குலக் கனமுள்ள இரண்டு ரீப்பர் கட்டைகளைத் தரையில் இட்டு, நடுவில் மணலைக் கொட்டி, மட்டப்பலகையால் இழுத்துவிட்டால் ஒரே கனத்தில் படுகை கிடைக்கும். இழுத்த இடத்தில் யாரும் மிதிக்கக் கூடாது. கையால் பிளந்த கடப்பா என்றால் கல்லுக்குக் கல் கனம் கால் அங்குலம் வரை மாறும். அதைக் கல்லுக்கு அடியில் மணலைச் சுரண்டியோ சேர்த்தோ சரிசெய்யலாம். ஆனால் அடித்தளத்தில் இருக்கிற பள்ளத்தை மணலால் நிரப்புவது வேறு. அங்கே இரண்டு அங்குலம், இங்கே நாலு அங்குலம் என்று மணல் இருந்தால் நாலு அங்குலம் இருக்கிற இடம் கூடுதலாக இறங்கும். கொத்தனார்கள் அதிகம் அவசரப்படுவது இந்த இடத்தில்தான், பக்கத்தில் நின்று பாருங்கள்.

வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு) ஐந்து அடிக்கு ஓர் அங்குலம், வீட்டை விட்டு வெளியே போகும்படி. குழி தோண்டும்போதே டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) பிடித்து அந்த வாட்டத்தை அடித்தரையில் கொடுத்துவிட வேண்டும். எல்லா அடுக்கும் அதே வாட்டத்தில் ஏறி வரும். தளத்தின் மேல்மட்டம் வீட்டுத் தரைமட்டத்துக்கு அரை அடியாவது கீழே இருக்கட்டும். சுற்றிலும் ஓரத்தில் செங்கல்லைக் குத்தாக நிறுத்திக் கலவையில் கட்டிவிடுங்கள். ஓரக்கட்டு இல்லாத மணல் படுகை இரண்டு மழையில் பக்கவாட்டில் ஒழுகிவிடும்.

துவைக்கிற இடத்தை மட்டும் இந்தத் தளத்தோடு சேர்க்காமல் தனி மேடையாகக் காங்கிரீட்டில் கட்டி, தண்ணீரைக் குழாய் வைத்து வாழைக்கோ தென்னைக்கோ தூரமாகக் கொண்டுபோங்கள். நீங்கள் கேட்ட அத்தனை கோளாறுக்கும் பாதிக் காரணம் அந்தத் தண்ணீர்தான். அதை அங்கேயே விட்டுவிட்டுக் கல்லை மட்டும் மாற்றிப் பதிப்பது வீண் செலவு.

கேள்வி: திருவான்மியூரில் கடற்கரைக்கு அருகில் வீடு. தோண்டினால் மணல்தான். பழைய சிமெண்ட் சிலாப்புகளை எடுத்துவிட்டுத் திரும்பப் பதிக்க வேண்டும். மழைத் தண்ணீர் தரைக்குள் இறங்கவும் வேண்டும். அடியில் பாலித்தீன் விரித்துக் காங்கிரீட் போடச் சொல்கிறார்கள்.
– வாசகர், சென்னை

பதில்: காங்கிரீட்டும் வேண்டாம், பாலித்தீனும் வேண்டாம் அய்யா. உங்களுக்கு வாய்த்தது நல்ல தரை. மணல் ஊதாது, சுருங்காது, தண்ணீரை நிற்கவிடாது. பக்கவாட்டில் நகராமல் அணை கட்டினால் போதும். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அந்தத் தொட்டியைக் கட்டிவிட்டு மீதித் தரை முழுவதையும் காங்கிரீட்டால் மூடுவது என்ன நியாயம்?

இருக்கிற மணலை நன்றாக நனைத்து இடியுங்கள். மணல் தண்ணீர் ஊற்றினால்தான் இறுகும். அதன்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி ஒரு விரிப்பு, மணலும் ஜல்லியும் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க. பிறகு தூள் இல்லாத முக்கால் ஜல்லி நாலு அங்குலம், அதன்மேல் 6 மி.மீ. சிப்ஸ் (பொடி ஜல்லி) ஒன்றரை அங்குலம், அதில் சிலாப்பை வையுங்கள். இடுக்கிலும் அதே சிப்ஸ். கோவில்பட்டி வாசகிக்குத் தூள் கலந்த ஜல்லி சொன்னேன், உங்களுக்குத் தூள் இல்லாததைச் சொல்கிறேன். அவர் மண்ணுக்குள் தண்ணீர் போகக் கூடாது, உங்கள் மண்ணுக்குள் போக வேண்டும். ஓரக்கட்டுக்குக் கலவை போடும்போது தோண்டிய மணலையே கலந்துவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு மணல்.

கேள்வி: கேட்டிலிருந்து போர்டிகோ வரை கடப்பாக் கல். கார் சக்கரம் ஏறும் இரண்டு தடத்திலும் கல் நொறுங்கிவிட்டது. சம்ப்புக்கு அருகில் ஒரு நீளமான பள்ளமும் விழுந்திருக்கிறது. அடித்தளத்தைப் பலப்படுத்தி அதே கல்லை வைக்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வைக்க வேண்டாம் தம்பி. அடித்தளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒன்றேகால் அங்குலக் கடப்பா கார் திரும்பும் இடத்துக்கான கல் இல்லை. அதை எடுத்துத் தோட்டத்து நடைபாதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கார் மட்டும் வரும் என்றால் 60 மி.மீ. இன்டர்லாக் கல் போதும். நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்: கோடையில் சம்ப்பை நிரப்பத் தண்ணீர் லாரி உள்ளே வருமா? 12,000 லிட்டர் லாரியில் தண்ணீர் மட்டுமே 12 டன். அது ஒருமுறை பின்பக்கமாக ஏறி இறங்கினாலே போதும். லாரி வரும் என்றால் 80 மி.மீ. கல், அடியில் இறுகிய வெட்மிக்ஸ் பத்து அங்குலம். இல்லையென்றால் லாரியை வெளியே நிறுத்திக் குழாய் போட்டுக்கொள்ளுங்கள், செலவு மிச்சம்.

நீளமான பள்ளம் நேர்கோட்டில் போகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது குழாய் புதைத்த வாய்க்கால். தோண்டியவர்கள் மண்ணை அப்படியே தள்ளி மூடிவிட்டுப் போயிருப்பார்கள். மேலே எத்தனை முறை பதித்தாலும் அந்தக் கோட்டில் இறங்கும். குழாய்மட்டம் வரை மறுபடி தோண்டி, முதலில் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, குழாயைச் சுற்றி மணல் போட்டு, பிறகு ஆறாறு அங்குலமாக மண் போட்டு இடித்து வாருங்கள். சம்ப்பின் சுவரோரமும் அப்படியே. அங்கே பெரிய இயந்திரம் வைக்க வேண்டாம், கைத்திமிசு போதும்.

கேள்வி: வேப்பமரத்தடியில் பதித்த கல்லை வேர் தூக்கிவிட்டது. வேரை வெட்டிவிட்டுக் கலவை போட்டுப் பதிக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: மணிக்கட்டுப் பருமன் உள்ள வேரைத் தொடாதீர்கள் அம்மா. மரம் பிடித்து நிற்பது அதில்தான். 2016 டிசம்பரில் வர்தா புயலன்று சென்னைத் தெருக்களில் மரங்கள் சாய்ந்து கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அடிமரத்தைச் சுற்றி நாலு அடிக்குக் கல்லே இல்லாமல் விட்டு, சருகும் மண்ணுமாக இருக்கட்டும். அதற்கு வெளியே வேர் மேடாக இருக்கும் இடத்தில் தோண்டாமல், இருக்கிற மண்மேலேயே சிப்ஸ் பரப்பித் தளத்தை இரண்டு அங்குலம் உயர்த்திக் கல்லை வையுங்கள். பெரிய கல்லாக இல்லாமல் ஒரு அடிக்கு ஒரு அடி துண்டாக இருந்தால், வேர் பருத்து வரும்போது ஒரு கல்லை மட்டும் சரிசெய்தால் போதும்.

கேள்வி: பெயர்த்த கடப்பாக் கல்லின் அடியில் பழைய சிமெண்ட் ஒட்டியிருக்கிறது. ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்கிறார்கள்.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. கோட்டா, தாண்டூர் என்று விற்கிற தரைக்கற்களும் அதே இனம். ஆசிட் பட்டால் சிமெண்டோடு சேர்ந்து கல்லும் நுரைத்துக் கரையும், மேற்பரப்பு வெளுத்துச் சொரசொரப்பாகிவிடும். எலுமிச்சம்பழச் சாறு நீண்ட நேரம் கிடந்தாலே அதில் தடம் விழும். கல்லை ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு, மணல் பரப்பிய தரையில் கவிழ்த்துப் படுக்க வைத்து, அகலமான உளியைச் சாய்த்துப் பிடித்து ஓரத்திலிருந்து உள்ளே தட்டி வாருங்கள். நடுவில் ஆரம்பித்தால் கல் விண்டுவிடும். கெட்டியாக ஒட்டிக்கொண்டு வராத சிமெண்டை முழுக்க எடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. கால் அங்குலத்துக்குள் இருந்தால் விட்டுவிட்டு, அந்த இடத்துக்குப் படுகை மணலைச் சுரண்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.